வினையின் வெப்பத்தை அளப்பது எப்படி? இரண்டு காகிதக் கப்பும் ஒரு தெர்மாமீட்டரும்

பதினோராம் வகுப்பு வேதியியலில் இந்தப் பாடம் வந்ததும் நிறையப் பிள்ளைகள் இரண்டு வரியை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வெப்ப உமிழ் வினைக்கு மைனஸ், வெப்ப கொள் வினைக்கு பிளஸ். மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அடுப்பில் எரிவாயு எரியும்போது அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். "பிணைப்புகள் உடைவதால்" என்று சட்டென்று பதில் வரும். உண்மை அதற்கு நேர்மாறானது.

இந்தத் தவறு ஒருமுறை மனதில் தங்கிவிட்டால் கல்லூரி வரை கூடவே வரும். அதைத் தடுக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, சூத்திரத்துக்கு முன்னால் தெர்மாமீட்டரைக் கையில் கொடுப்பதுதான். தானே அளந்து, தானே கணக்குப் போட்டு, புத்தகத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தவருக்குக் குறி மறக்காது. அதற்கான வழிமுறை இது. மோல் என்றால் என்ன என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்: மூலக்கூறு நிறை எவ்வளவோ அவ்வளவு கிராம் எடுத்தால் அது ஒரு மோல். யூரியாவின் மூலக்கூறு நிறை 60, ஆகவே 60 கிராம் யூரியா ஒரு மோல்.

என்னென்ன வேண்டும்

தெர்மாமீட்டர் ஒன்று. காய்ச்சல் பார்ப்பது உதவாது, அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. சமையலுக்கு விற்கும் கம்பி முனை டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சிவப்புத் திரவத் தெர்மாமீட்டரும் சரிதான். பாதரசத் தெர்மாமீட்டரை மட்டும் தொடாதீர்கள். அதை வைத்துக் கலக்கி உடைத்துவிட்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

பெரிய அளவு காகித டீ கப் இரண்டு. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிவிடுங்கள். நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எவர்சில்வர் டம்ளரைத் தவிர்க்கவும். உலோகம் வெப்பத்தை வெளியே கடத்திவிடும், தானும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மூடிக்கு அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் தெர்மாமீட்டர் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், கலோரிமீட்டர் தயார். 1780-களில் பாரிசில் லவாய்சியரும் லாப்லாசும் உருகிய பனிக்கட்டியின் எடையைக் கொண்டு வெப்பத்தை அளந்தார்கள். அவர்களுடைய கருவி பெரியது, ஆனால் நோக்கம் இதேதான்: வினையிலிருந்து வரும் வெப்பம் வேறெங்கும் போகாமல் ஓரிடத்தில் பிடித்துவைப்பது.

அப்புறம் ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, யூரியா, சமையல் சோடா, வினிகர், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, பேக்கரிக்கு வாங்கும் ஈஸ்ட். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

முதல் படி: தண்ணீரை அறையோடு பழகவிடுங்கள்

100 மில்லிலிட்டர் தண்ணீரைக் கப்பில் ஊற்றி, மேசை மேல் கொஞ்ச நேரம் சும்மா வைத்திருங்கள். தெர்மாமீட்டரில் எண் மாறாமல் நிற்க வேண்டும். மண்பானைத் தண்ணீரை அப்படியே எடுத்து ஊற்றினால் அளவு கெட்டுப்போகும். பானையின் வெளிச்சுவரில் ஆவியாதல் நடப்பதால் அது அறையைவிடக் குளிர்ந்திருக்கும், கப்பில் ஊற்றியதும் தானாகவே சூடேறத் தொடங்கும். அந்த ஏற்றத்தையும் வினையின் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

இரண்டாம் படி: யூரியா

கண்டிப்பாகச் சொன்னால் கரைவது வேதிவினை அல்ல, புதுப் பொருள் எதுவும் உண்டாவதில்லை. ஆனாலும் இதிலிருந்து தொடங்குவது நல்லது. வெப்ப மாற்றம் பெரிதாக, பார்த்தவுடன் தெரியும்படி இருக்கும். கணக்குப் போடும் முறையும் வினைக்கு உள்ளதேதான்.

30 கிராம் யூரியாவை, அதாவது அரை மோலை, ஒரே வீச்சில் தண்ணீரில் கொட்டி உடனே கலக்குங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் உரக்கடையில் விற்கும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும், அதனால் கரைசல் கொஞ்சம் கலங்கலாகவும் வாசனையோடும் இருந்தால் பயப்பட வேண்டாம். குருணைகள் சிறுத்துக்கொண்டே வரும்போது தெர்மாமீட்டர் எண் விறுவிறுவென்று இறங்கும். பத்து டிகிரிக்கு மேலேயே இறங்கும். கப்பைக் கையில் பிடித்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது போலச் சில்லிடும்.

எண் அடிமட்டத்தைத் தொட்டபின் மெதுவாக ஏறத் தொடங்கும். அது அறையின் வெப்பம் உள்ளே நுழைவது. அந்த ஏற்றத்தையும் சில நிமிடம் குறித்து, வரைபடத் தாளில் கோடு போட்டு, கோட்டைப் பின்னோக்கி நீட்டி, யூரியா கொட்டிய நேரத்தில் அது எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். வெப்பக் கசிவு இல்லாதிருந்தால் எதுவரை இறங்கியிருக்கும் என்பதை அந்தப் புள்ளி காட்டும். பள்ளி ஆய்வகங்களில் பல நேரம் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த ஐந்து நிமிட வேலை விடையை நன்றாகவே சரிசெய்யும்.

மூன்றாம் படி: கணக்கு

ஓர் உதாரணம் எடுப்போம். தொடக்கத்தில் 28 டிகிரி, கடைசியில் 16 டிகிரி. இறக்கம் 12.

கரைசலின் எடை 100 + 30 = 130 கிராம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி மாற்ற 4.18 ஜூல் வேண்டும். கரைசலுக்கும் அதையே எடுத்துக்கொள்வோம். யூரியா கலந்ததால் உண்மை மதிப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவு, முதல் முயற்சிக்கு இது போதும்.

130 × 4.18 × 12 = 6521 ஜூல், அதாவது சுமார் 6.5 கிலோஜூல். இது அரை மோலுக்கு. ஒரு மோலுக்கு 13 கிலோஜூல்.

புத்தகத்து மதிப்பு மோலுக்குச் சுமார் 15 கிலோஜூல். காகிதக் கப்பை வைத்து இவ்வளவு அருகில் வந்தது நல்ல விளைவு. குறைந்தது எங்கே போயிற்று என்று யோசிப்பதும் பாடம்தான்: வெளியிலிருந்து கசிந்த வெப்பம், தெர்மாமீட்டரும் கப்பும் கொடுத்த வெப்பம், கரையாமல் அடியில் நின்ற குருணை.

நான்காம் படி: குறி

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். தண்ணீரின் வெப்பநிலை குறைந்தது, ஆகவே மைனஸ் என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை பிளஸ் 13.

தெர்மாமீட்டர் எதை அளக்கிறது என்று நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அது அளப்பது தண்ணீரை. தண்ணீர் இங்கே சூழல். நாம் கணக்கெழுதுவது யூரியா கரையும் நிகழ்வுக்கு. அதுதான் அமைப்பு. சூழல் 6.5 கிலோஜூலை இழந்தது என்றால் அமைப்பு அதே 6.5 கிலோஜூலைப் பெற்றது. குறி எப்போதும் அமைப்பின் பக்கத்திலிருந்து எழுதப்படுவது. தெர்மாமீட்டர் இறங்கினால் பிளஸ், ஏறினால் மைனஸ். முதல் சில முறை விடைக்குப் பக்கத்தில் "அமைப்பு பெற்றது" என்றோ "அமைப்பு கொடுத்தது" என்றோ சொல்லாகவே எழுதிப் பழகுங்கள். பிறகு குறி தானாக வந்துவிடும்.

திறந்த கப்பில், அதாவது மாறாத வளிமண்டல அழுத்தத்தில், அமைப்பு பெறும் அல்லது இழக்கும் இந்த வெப்பத்துக்கு என்தால்பி மாற்றம் என்று பெயர்.

ஐந்தாம் படி: குளிரும் வினை, கொதிக்கும் வினை

இப்போது உண்மையான வேதிவினைகள். கப்பைக் கழுவி 100 மில்லிலிட்டர் வினிகர் ஊற்றுங்கள். நிலையான எண் வந்ததும் 5 கிராம் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், மொத்தமாகப் போட்டால் பொங்கி வழியும். நுரைத்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடு வெளியேறும். இவ்வளவு ஆர்ப்பாட்டமாக நடக்கும் வினை சூடாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள். தெர்மாமீட்டரோ மூன்று நான்கு டிகிரி இறங்கியிருக்கும்.

இதை அலட்சியமாகக் கடந்துபோகாதீர்கள். வெப்பத்தை வெளிவிடும் வினைகளே தாமாக நடக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் தாம்சனும் பிரான்சின் பெர்தெலோவும் வாதிட்டார்கள். இருவரும் சாமானியர்கள் அல்ல, நூற்றுக்கணக்கான வினைகளின் வெப்பத்தை அளந்தவர்கள். ஆனால் சோடாவும் வினிகரும் யாரும் தூண்டாமலே வினைபுரிகின்றன, அதுவும் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு. திண்மமாக அடங்கியிருந்த பொருளிலிருந்து வாயு விடுபட்டு அறையெங்கும் பரவுகிறது. அந்தப் பரவலும் வினையின் திசையைத் தீர்மானிக்கிறது. என்ட்ரோபி என்ற பாடம் தொடங்கும் இடம் இது. இப்போதைக்கு ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வெப்பம் வெளிவருவதும் வினை தானாக நடப்பதும் ஒன்றல்ல.

அடுத்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. வேறு கப் எடுங்கள், வினிகர் பட்ட கப்பில் இதை ஊற்ற வேண்டாம். பாட்டிலில் 6 சதவீதம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தொழிற்சாலைக்கு விற்கும் 35, 50 சதவீதக் கரைசல்கள் தோலைப் பொசுக்கிவிடும், அவை வேண்டவே வேண்டாம். 50 மில்லிலிட்டர் பெராக்சைடும் 50 மில்லிலிட்டர் தண்ணீரும் கலந்து வெப்பநிலையைக் குறியுங்கள். அரைத் தேக்கரண்டி ஈஸ்டைப் போட்டுக் கலக்குங்கள். நுரை எழும்பும், வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். மூடியை இறுக்க வேண்டாம். ஆக்சிஜன் வெளியேற வழி இருக்க வேண்டும்.

எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். 50 மில்லிலிட்டரில் 3 கிராம் பெராக்சைடு. ஒரு மோல் 34 கிராம், ஆகவே 0.088 மோல். ஒரு மோல் சிதைந்து தண்ணீரும் ஆக்சிஜனும் ஆகும்போது சுமார் 95 கிலோஜூல் வெளிவரும். 0.088 × 95 = 8.4 கிலோஜூல். 100 கிராம் தண்ணீருக்கு இது 20 டிகிரி. உங்களுக்கு 20 வராது. பல நாள் திறந்து மூடிய பாட்டில் என்றால் இன்னும் குறையும், பெராக்சைடு அதற்குள் கொஞ்சம் சிதைந்திருக்கும்.

பாட்டிலில் இருக்கும்போதும் அதே ஆற்றல்தான் உள்ளே இருந்தது. அப்படியானால் ஏன் சும்மா இருந்தது? வினை தொடங்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய தடை ஒன்று உண்டு, அதைக் கிளர்வு ஆற்றல் என்கிறோம். ஈஸ்டில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அந்தத் தடையைத் தாழ்த்துகிறது. பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டாலும் இதே நொதி வேலை செய்யும். வேகம்தான் மாறும், மொத்த வெப்பம் மாறாது. பாட்டிலில் மாதக்கணக்கில் மெதுவாக வெளிவந்து அறைக்குள் கரைந்துபோகும் வெப்பமும் கப்பில் சில நிமிடத்தில் வரும் வெப்பமும் ஒரே அளவு.

ஆறாம் படி: வெப்பம் எங்கிருந்து வருகிறது

அளந்தாயிற்று, இனி காரணத்துக்கு வருவோம். இரண்டு அணுக்கள் பிணைந்திருப்பது தாழ்ந்த ஆற்றல் நிலை. அவற்றைப் பிரிக்க ஆற்றல் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளை அணுக்களாகப் பிரிக்க 436 கிலோஜூல் தேவை. பிரிந்த அணுக்கள் மறுபடி சேரும்போது அதே 436 வெளிவரும். உடைப்பது செலவு, சேர்வது வரவு. இதற்கு விதிவிலக்கு கிடையாது.

மீத்தேன் எரிவதை வரவு செலவாக எழுதிப் பார்ப்போம். ஒரு மீத்தேனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு கார்பன் டைஆக்சைடும் இரண்டு தண்ணீரும் ஆகின்றன.

உடைபவை: நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள், 4 × 413 = 1652. இரண்டு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகள், 2 × 498 = 996. செலவு 2648 கிலோஜூல்.

உருவாகுபவை: இரண்டு கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகள், 2 × 799 = 1598. நான்கு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள், 4 × 463 = 1852. வரவு 3450 கிலோஜூல்.

வரவு 802 கிலோஜூல் அதிகம். அடுப்பில் நாம் பார்க்கும் வெப்பம் இந்த மிச்சம்தான். அமைப்பு கொடுத்தது, ஆகவே மைனஸ் 802. தீப்பொறி தேவைப்படுவதும் இதனால்தான்: வரவு வருவதற்கு முன்னால் செலவைத் தொடங்கிவைக்க ஏதாவது வேண்டும். உயிரியல் பாடத்தில், செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி-யின் பிணைப்பு உடைந்து ஆற்றல் வெளிவருகிறது என்று படித்திருப்பீர்கள். அங்கும் உடைவதற்குச் செலவுதான், பிறகு உண்டாகும் பொருள்கள் இன்னும் உறுதியாக அமைவதால்தான் வரவு.

ஒரு எச்சரிக்கை. புத்தகத்தில் மீத்தேனின் எரிதல் என்தால்பி மைனஸ் 890 என்று இருக்கும். நமக்கு வந்தது 802. பிணைப்பு ஆற்றல்கள் சராசரி மதிப்புகள் என்பதால் வந்த வித்தியாசம் என்று சிலர் சொல்வார்கள். இங்கே காரணம் அது அல்ல. அதைத் தீர்க்க இன்னொரு கருவி வேண்டும்.

ஏழாம் படி: ஹெஸ் விதி, சுண்ணாம்பின் வழியாக

எல்லா வினையையும் கப்பில் அளக்க முடியாது. சுண்ணாம்புக்கல்லைச் சுட 900 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை எடுத்து இறுக வாரம், மாதம், சில நேரம் வருடமும் ஆகும். எந்தத் தெர்மாமீட்டரும் அதைப் பிடிக்காது. ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய ஜெர்மைன் ஹென்றி ஹெஸ் இதற்கு 1840-இல் வழி சொன்னார். தொடக்கப் பொருளும் கடைசிப் பொருளும் ஒன்றானால், எத்தனை படியாகப் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றே. ஆற்றல் அழிவின்மை விதி இன்னும் நிலைபெறாத காலத்தில், வெறும் அளவீடுகளிலிருந்து இதைக் கண்டார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சுண்ணாம்பின் பயணம் மூன்று படி. காளவாசலில் சுண்ணாம்புக்கல் சுட்ட சுண்ணாம்பாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் பிரிகிறது: மோலுக்கு பிளஸ் 178 கிலோஜூல். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது மைனஸ் 65. பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தொட்டியில் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அது கொதித்துத் தெறிப்பது நினைவிருக்கும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு வெளிவிடும் வெப்பம் முழுவதையும் பிடிக்க முடிந்தால், 30 டிகிரியில் இருக்கும் சுமார் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதனாலேயே இதை வீட்டில் அளக்க முயல வேண்டாம். ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து.

மூன்றாவது, சுவரில் இறுகும் வினை. நீற்றிய சுண்ணாம்பு கார்பன் டைஆக்சைடை எடுத்துத் தண்ணீரை விட்டு, மறுபடி அதே சுண்ணாம்புக்கல்லாகிறது. தொடங்கிய பொருளுக்கே திரும்பி வந்ததால் மொத்தம் சுழி. ஆகவே மூன்றாவது படியின் வெப்பத்தை அளக்காமலே எழுதலாம்: 178 − 65 = 113, அது மைனஸ் 113 ஆகத்தான் இருக்க முடியும். உருவாதல் என்தால்பி (தனிமங்களிலிருந்து ஒரு மோல் பொருள் உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்) அட்டவணையிலிருந்து தனியாகக் கணக்கிட்டாலும் இதே எண்தான் வரும், போட்டுப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய வீட்டுச் சுவர் இந்த வெப்பத்தை அத்தனை காலமும் சொட்டுச் சொட்டாக வெளிவிட்டிருக்கிறது. காளவாசலில் எரித்த விறகின் ஆற்றலில் ஒரு பகுதிதான் அது.

எட்டாம் படி: அந்த 88

இப்போது மீத்தேனுக்குத் திரும்பலாம். பிணைப்பு ஆற்றல் கணக்கு எல்லாப் பொருளும் வாயுவாக இருப்பதாகக் கொள்கிறது, ஆகவே நமக்குக் கிடைத்த 802-இல் தண்ணீர் நீராவியாக இருக்கிறது. புத்தகத்து 890-இல் அது 25 டிகிரியில் திரவம். ஹெஸ் சொன்னபடி நடுவில் ஒரு படியைச் சேருங்கள்: ஒரு மோல் நீராவி அந்த வெப்பநிலையில் தண்ணீராகும்போது 44 கிலோஜூலைக் கொடுக்கும். இரண்டு மோலுக்கு 88. மைனஸ் 802-உடன் மைனஸ் 88 சேர்ந்தால் மைனஸ் 890.

ஆகவே அட்டவணையிலிருந்து எந்த எண்ணை எடுத்தாலும் அந்தப் பொருள் திண்மமா, திரவமா, வாயுவா, கரைசலா என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு பிறகு கூட்டலைத் தொடங்குங்கள். தண்ணீர் என்று மட்டும் எழுதினால் அதன் உருவாதல் என்தால்பியாக, திரவத்துக்குரிய மைனஸ் 286-ஐ எடுப்பதா நீராவிக்குரிய மைனஸ் 242-ஐ எடுப்பதா என்று தெரியாமல் போய்விடும்.